ஜெர்மன் நண்பருக்குப் பிறந்தநாள் வாழ்த்து: எந்தச் சொல், எந்த நேரம்?

ஜெர்மன் மொழியில் ஒரு நண்பருக்குப் பிறந்தநாள் வாழ்த்து எழுத வேண்டும் என்றால் நம்மில் பலர் செய்வது ஒன்றுதான். மனதில் இருப்பதைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ தட்டி, கைபேசியில் உள்ள மொழிபெயர்ப்புச் செயலியிடம் கொடுத்து, வருவதை அப்படியே அனுப்பிவிடுகிறோம். "ஹேப்பி பர்த்டே, லவ் யூ" என்பதில் இருக்கும் 'லவ் யூ' அங்கே "இஹ் லீபெ டிஹ்" என்று போய் இறங்குகிறது. இலக்கணத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் கூடப் படிக்கும் ஜெர்மன் பெண்ணுக்கு ஒரு பையன் இதை அனுப்பினால், அவள் அதைக் காதலைச் சொல்லும் வாக்கியமாகத்தான் படிப்பாள். அவன் ஒன்றும் தெரியாமல் காத்திருப்பான். அவள் என்ன பதில் எழுதுவது என்று தவிப்பாள்.

ஜெர்மனியில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களில் இப்போது இந்தியர்கள்தான் அதிகம். தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களும் அதில் கணிசம். சென்னையில் கோத்தே இன்ஸ்டிட்யூட்டிலும் மற்ற இடங்களிலும் வகுப்புக்குப் போய் வேலைக்கும் விசாவுக்கும் வேண்டிய ஜெர்மனைக் கற்றுக்கொள்கிறார்கள். வாடகை ஒப்பந்தத்தைப் படிக்கவும் மருத்துவரிடம் வலியைச் சொல்லவும் வகுப்பு கைகொடுக்கிறது. சிநேகிதியிடம் "உன்னை எனக்கு ரொம்பப் பிடிக்கும், நன்றாக இரு" என்று சொல்வதற்குப் பெரும்பாலும் யாரும் சொல்லித் தருவதில்லை. அந்நிய ஊரில் ஒருவருக்கு முதலில் தேவைப்படுவது நட்பு. அதைச் சொல்லத் தெரியாமல் இருப்பது பெரிய குறை என்று நினைப்பதால்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அன்பின் அளவுகள். "இஹ் மாக் டிஹ்" என்றால் உன்னை எனக்குப் பிடிக்கும் என்று பொருள். இது இலேசானது, பழக ஆரம்பித்த நண்பரிடமும் சொல்லலாம். அதற்கு மேலே "இஹ் ஹாப் டிஹ் லீப்". அம்மா பிள்ளையிடம் சொல்வாள், அக்கா தம்பியிடம் சொல்வாள், பேரன் பாட்டியிடம் தொலைபேசியை வைக்கும் முன் சொல்வான், நெருங்கிய தோழிகள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். நட்பின் பாசத்துக்கு என்றே இருப்பது போன்ற வாக்கியம் இது. காதலர்களும் சொல்வதுண்டு, ஆனால் காதலைத் தெரிவித்த ஒருவருக்குப் பதிலாக இது மட்டும் வந்தால், 'அன்பு உண்டு, காதல் இல்லை' என்று அவர் புரிந்துகொள்வார். "இஹ் லீபெ டிஹ்" இந்த இரண்டுக்கும் மேலே, தனியாக நிற்கிறது. துணைவரிடம் சொல்வது அது. பெற்றோர் பிள்ளைகளிடம் சொல்வதும் உண்டு. நண்பரிடம் விளையாட்டாகச் சொல்லும் இளைஞர்கள் இப்போது இருக்கிறார்கள் என்றாலும், மொழிக்குப் புதியவர் அந்த விளையாட்டில் இறங்காமல் இருப்பதே நல்லது.

உச்சரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. 'இஹ்', 'டிஹ்' என்று நான் எழுதும் இடங்களில் கடைசி ஒலி, நாக்கின் நடுப்பகுதியை அண்ணத்துக்கு அருகில் கொண்டுபோய்க் காற்றை மட்டும் விடும் ஒலி. தமிழ் எழுத்தில் அது முழுதாகப் பிடிபடாது. கொலோன் பக்கம் அதையே 'இஷ்' என்று சொல்வார்கள். அப்படி வந்துவிட்டாலும் யாருக்கும் புரியாமல் போகாது.

1990களின் கடைசியில் குறுஞ்செய்தி வந்தபோது, நான் சொன்ன நடு அளவு வாக்கியம்தான் முதலெழுத்துகளாகச் சுருங்கியது. 'ஹா-டே-எல்' என்று மூன்று எழுத்து. அதற்கும் மேலே பாசம் பொங்கினால் 'ஹா-டே-கே-டே-எல்' என்று ஐந்து எழுத்து; உன்னை அவ்வளவு பிடிக்கும் என்று குழந்தைத்தனமாகச் சொல்வது. அந்தக் காலத்தில் பள்ளியில் படித்த பெண்கள் இன்று நாற்பதை நெருங்குகிறார்கள். அவர்களில் சிலர் இன்னமும் பழைய தோழியின் பிறந்தநாள் அட்டையில் அந்த மூன்று எழுத்தைத்தான் கடைசியில் போடுகிறார்கள்.

நண்பர் என்ற சொல்லிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. 'ஃப்ராய்ண்ட்' ஆண் நண்பர், 'ஃப்ராய்ண்டின்' பெண் நண்பர். ஆனால் ஒரு பெண் "மைன் ஃப்ராய்ண்ட்" என்றால், என் காதலன் என்றே எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். வெறும் நண்பன் என்றால் "ஐன் ஃப்ராய்ண்ட் ஃபான் மியர்", அதாவது என் நண்பர்களில் ஒருவன், என்று சொல்வது வழக்கம். வாழ்த்து அட்டையில் "மைனெ பெஸ்டெ ஃப்ராய்ண்டின்", என் உயிர்த்தோழி, என்று எழுதினால் குழப்பம் வராது. இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். நாம் ஒரு முறை டீ குடித்தவரைக்கூட ஃப்ரெண்ட் என்போம். அங்கே அப்படிப்பட்டவர் 'பெகான்டெ', தெரிந்தவர். நண்பர் என்ற இடத்துக்கு வர ஆண்டுகள் ஆகலாம். வீடு மாறும் நாளில் யார் வந்து நான்கு மாடி பெட்டி தூக்குகிறாரோ அவர் நண்பர் என்று அங்கே பலர் கணக்கு வைத்திருக்கிறார்கள். அதனால் ஒரு ஜெர்மானியர் உங்களைப் பிறரிடம் நண்பர் என்று அறிமுகப்படுத்தினால், அது சாதாரணமாக வந்த வார்த்தை இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

'ஸீ', 'டூ' வேறுபாடு நமக்குப் புதிதில்லை; நீங்கள், நீ என்று நாமே வைத்திருக்கிறோம். யார் முதலில் 'டூ'வுக்கு மாறலாம் என்பதில்தான் அங்கே வழக்கம் ஒன்று உண்டு. வயதில் மூத்தவரோ பதவியில் மேலே இருப்பவரோதான் அதை முன்வந்து கொடுக்க வேண்டும். முன்பெல்லாம் இரண்டு பேர் கோப்பையோடு கையைப் பின்னிக்கொண்டு ஒரே நேரத்தில் குடித்து, பேரைச் சொல்லிக்கொண்டு, அன்று முதல் 'டூ' என்று அழைப்பார்கள். இன்று மாணவர்களுக்குள் இந்தப் பேச்சே இல்லை, முதல் நாளே 'டூ'தான். ஆனால் வீட்டுக்காரப் பாட்டிக்கோ, பேராசிரியருக்கோ வாழ்த்து எழுதும்போது, பிறந்தநாள் என்பதற்காக 'டூ'வுக்குத் தாவ வேண்டாம். "இஹ் வுன்ஷெ ஈனென் அல்லெஸ் கூடெ" என்று மரியாதையாக எழுதினாலும் அன்பு தெரியும்.

வாழ்த்தின் அடிப்படை வாக்கியங்கள் இரண்டுதான். "அல்லெஸ் கூடெ ட்சும் கெபூர்ட்ஸ்டாக்" என்பது எல்லா நலமும் உண்டாகட்டும் என்ற வகை. "ஹெர்ட்ஸ்லிஹென் க்ளுக்வுன்ஷ் ட்சும் கெபூர்ட்ஸ்டாக்" என்பது மனமார்ந்த வாழ்த்து. இரண்டுமே யாருக்கும் பொருந்தும், இரண்டிலும் பிழை வராது. ஆனால் நெருங்கிய நண்பருக்கு இது மட்டும் போய்ச் சேர்ந்தால் கொஞ்சம் வெறுமையாக இருக்கும். இதோடு என்ன சேர்க்கிறோம் என்பதுதான் விஷயம். அதற்கு முன்னால் நாள் கணக்கைப் பேசிவிடலாம், ஏனென்றால் நம்மவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் அது.

நமக்கு 'அட்வான்ஸ் வாழ்த்துகள்' என்பது கூடுதல் அன்பு. நாளைக்குத் தொலைபேசி எடுக்க முடியாதோ, எல்லோருக்கும் முன்னால் நான் சொல்லிவிட வேண்டுமோ என்று முந்தின நாளே சொல்கிறோம். ஜெர்மனியில் அதைச் செய்யவே கூடாது. பிறந்தநாளுக்கு முன்னால் வாழ்த்துவது கெட்ட சகுனம் என்பது அங்கே பரவலான நம்பிக்கை. சகுனம், சாத்திரம் எதையும் நம்பாத பொறியாளர்கூட இதில் முகம் சுளிப்பார். "இன்னும் வரவில்லையே" என்று கையை உயர்த்தித் தடுப்பார். சாயங்காலம் ஆவதற்குள் பகலைப் புகழாதே என்று அங்கே ஒரு பழமொழி உண்டு. வராத வயதுக்கு வாழ்த்து வாங்கிக்கொள்வதில் ஒரு அச்சம் இருக்கிறது. ஆகவே வெள்ளிக்கிழமை பிறந்தநாள் என்றால், வியாழக்கிழமை நேரில் பார்க்கும்போது வாயைத் திறக்காமல் இருப்பதுதான் அன்பு.

நாள் கடந்துபோனால் கவலை வேண்டாம். "அல்லெஸ் கூடெ நாஹ்ட்ரேக்லிஹ்" என்று பிந்திய வாழ்த்துக்கு ஒரு முறையான வடிவமே இருக்கிறது. இரண்டு நாள், ஒரு வாரம் கழித்துச் சொன்னாலும் மகிழ்ச்சியாக ஏற்றுக்கொள்வார்கள். முந்துவதை விடப் பிந்துவது எவ்வளவோ மேல். முந்தின நாள் மாலையே விருந்து தொடங்கி, நள்ளிரவைக் கடந்து பிறந்தநாளுக்குள் நுழையும் கொண்டாட்டமும் உண்டு. அங்கேகூடப் பன்னிரண்டு அடிக்கும் வரை ஒருவரும் வாழ்த்துவதில்லை. அதுவரை சும்மா பேசிச் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் மணி அடித்ததும் வரிசையாக வந்து கட்டிப்பிடிப்பதைப் பார்த்தால், அந்த நம்பிக்கை எவ்வளவு ஆழமானது என்று தெரியும்.

இன்னொரு வழக்கம்: பிறந்தநாள்காரர்தான் செலவு செய்ய வேண்டும். அலுவலகத்தில் அவரே கேக்கை வீட்டில் சுட்டோ வாங்கியோ கொண்டுவந்து சமையலறை மேசையில் வைத்து, எல்லோருக்கும் மின்னஞ்சல் போடுவார். நமக்கும் பள்ளியில் சாக்லேட் டப்பாவோடு வகுப்பு வகுப்பாகப் போன பழக்கம் இருப்பதால் இது வித்தியாசமாகத் தோன்றாது. உணவகத்துக்குக் கூப்பிட்டால் பெரும்பாலும் கூப்பிட்டவரே கொடுப்பார். சக ஊழியர்கள் இதற்கிடையில் அவருக்குத் தெரியாமல் ஒரு உறையைச் சுற்றுக்கு விட்டுப் பணம் சேர்த்திருப்பார்கள். கூடவே போகும் அட்டையில் ஒவ்வொருவரும் ஒரு வரி எழுதுவார்கள். அந்த அட்டை உங்கள் மேசைக்கு வரும்போது வெறும் கையெழுத்தோடு விட்டுவிடாதீர்கள். அவர் செய்த ஒரு உதவியைச் சொல்லி ஒரு வரி எழுதினால் அது நினைவில் இருக்கும்.

பரிசோடு பூ கொண்டுபோவதாக இருந்தால், பழைய முறைப்படி ஒற்றைப்படை எண்ணிக்கையில் வாங்கி, வாசலில் காகிதத்தைப் பிரித்துவிட்டுக் கொடுப்பார்கள். சிவப்பு ரோஜா காதலுக்கு என்று வைத்துக்கொண்டு தோழிக்கு வேறு நிறம் தேடுங்கள். வெள்ளை லில்லியைப் பலர் இறுதிச் சடங்கோடு சேர்த்து நினைப்பார்கள். பரிசைக் கொடுத்தவர் எதிரிலேயே பிரித்துப் பார்ப்பது அங்கே மரியாதை. நம் வீடுகளில் போல ஓரமாக வைத்துவிட்டு அப்புறம் பிரிப்பதில்லை.

இவ்வளவு அளந்து பேசுகிறவர்கள் எப்போதுமே இப்படித்தான் இருந்தார்களா? இல்லை. இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். 18-ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் பேசும் நாடுகளில் நட்பு கிட்டத்தட்ட ஒரு வழிபாடாகவே இருந்தது. ஹால்பர்ஷ்டாட் என்ற சிறு நகரத்தில் யோஹான் வில்ஹெல்ம் லூட்விக் க்ளைம் என்று ஒரு கவிஞர் வாழ்ந்தார். 1719-இல் பிறந்தவர், 1747 முதல் அந்த ஊர்ப் பேராலய நிர்வாகத்தின் செயலாளர். அவருக்கு மனைவி மக்கள் கிடையாது, நண்பர்கள்தான் எல்லாம். ஓவியர்களைக் கொண்டு நண்பர்களின் முகங்களை வரையவைத்து, வீட்டுச் சுவர் முழுக்க மாட்டினார். நூற்றுக்கும் மேற்பட்ட உருவப்படங்கள். அந்த அறைகளுக்கே நட்புக் கோயில் என்று பேர். வந்த கடிதங்களையெல்லாம் பத்திரப்படுத்தினார். அவை ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. 1862 முதல் அந்த வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது. இன்றும் போய்ப் பார்க்கலாம். ஆண்கள் ஆண்களுக்கு எழுதிய அந்தக் காலக் கடிதங்களில் கண்ணீரும் முத்தமும் நிறைந்திருக்கும். இன்றைய ஜெர்மானிய ஆண் ஒருவர் தன் நண்பருக்கு அப்படி எழுத மாட்டார்.

க்ளைமுக்கு எழுதியவர்களில் அன்னா லூயிஸா கார்ஷ் என்ற பெண் கவிஞர் உண்டு. 1722-இல் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, சிறுமியாக மாடு மேய்த்தவர். தன் கவிதையால் பெர்லின் வரை வந்தவர். இருவரும் 1761-இல் சந்தித்தார்கள். கார்ஷ் அவரைக் காதலித்தார். க்ளைமிடம் நட்பு இருந்தது, காதல் இல்லை. அதைத் தெரிந்துகொண்ட பிறகும் கார்ஷ் எழுதுவதை நிறுத்தவில்லை, க்ளைமும் பதில் எழுதுவதை நிறுத்தவில்லை. கார்ஷின் கவிதைகளைத் தொகுத்து வெளியிடவும் க்ளைம் துணை நின்றார். 1791-இல் கார்ஷ் இறக்கும்வரை, முப்பது ஆண்டுகள், கடிதம் போய்வந்துகொண்டே இருந்தது. மேலே சொன்ன அன்பின் அளவுகளில் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே இருக்கும் கோட்டை, ஒருவரை ஒருவர் இழக்காமல் இந்த இரண்டு பேரும் பிடித்து நின்றார்கள். ஹால்பர்ஷ்டாட்டில் கார்ஷின் முகமும் நண்பர்களின் முகங்களோடு இருக்கிறது.

நட்பை எழுதி வைக்கும் பழக்கம் அதற்கும் முந்தியது. 16-ஆம் நூற்றாண்டின் நடுவில் விட்டன்பர்க் பல்கலைக்கழக மாணவர்கள் ஒரு சிறு புத்தகத்தைக் கையோடு வைத்திருந்தார்கள். ஆசிரியர்களும் நண்பர்களும் அதில் ஒரு வாசகம், ஒரு கையெழுத்து, சில சமயம் ஒரு படம் என்று பதித்துக் கொடுத்தார்கள். இந்த 'ஷ்டாம்பூஹ்' புத்தகங்கள் பல ஆயிரம் ஐரோப்பிய நூலகங்களில் இருக்கின்றன. வைமாரில் உள்ள டச்சஸ் அன்னா அமாலியா நூலகத்திலும் பெரிய தொகுப்பு உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் இந்தப் பழக்கம் பள்ளிச் சிறுமிகளிடம் வந்து சேர்ந்து 'பொயெஸீ ஆல்பம்' ஆனது. பத்தாம் வகுப்பு முடியும்போது நாம் சுற்றுக்கு விட்ட ஆட்டோகிராஃப் நோட்டு மாதிரிதான், ஆனால் அதற்கென்று இறுக்கமான முறைகள் இருந்தன. வலது பக்கத்தில் செய்யுள், இடது பக்கத்தில் பளபளப்பான ஒட்டுப்படம். கோடு போட்டுப் பென்சிலில் எழுதிப் பார்த்து, பிறகு மையில் எழுத வேண்டும். ரோஜா, டூலிப், கார்னேஷன் மூன்றும் வாடிவிடும், ஒன்று மட்டும் வாடாது, அதன் பேர் என்னை-மறவாதே என்று ஒரு செய்யுள் தலைமுறை தலைமுறையாக எழுதப்பட்டது. என்னை-மறவாதே என்பது சின்ன நீலப் பூ. பக்கத்தின் நான்கு மூலைகளிலும் நான்கு துண்டாக "நாலு மூலையிலும் / அன்பு / நிறைந்து / இருக்கட்டும்" என்கிற மாதிரி பிரித்து எழுதும் வழக்கமும் உண்டு. புத்தகத்தைச் சுற்றிச் சுற்றித் திருப்பினால்தான் படிக்க முடியும்.

பெரியவர்களின் பேச்சில் அடங்கிப்போன அந்தப் பழைய உணர்ச்சி, குழந்தைகளின் புத்தகத்தில் இப்படித் தங்கியிருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. 20-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் பெரிய வார்த்தைகளை அரசியல் மேடைகள் எடுத்துக்கொண்டு செய்த கொடுமைகளைப் பார்த்த ஒரு சமூகம், உணர்ச்சி ததும்பும் பேச்சைச் சந்தேகத்தோடு பார்க்க ஆரம்பித்ததில் வியப்பில்லை. இது என் கணிப்புதான். ஆனால் ஜெர்மானியர்களுக்குப் பாசம் குறைவு என்று சொல்கிறவர்கள், அவர்கள் அதை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தேடிப் பார்க்கவில்லை என்பேன்.

பிறந்தநாளுக்கும் அங்கே ஒரு வரலாறு உண்டு. கத்தோலிக்கப் பகுதிகளில் நீண்ட காலம் பிறந்த நாளை விடப் பெயர் நாள்தான் பெரிது: எந்தப் புனிதரின் பெயரைக் குழந்தைக்கு வைத்தார்களோ அவருக்குரிய நாள். மார்ட்டின் லூதர் 1483 நவம்பர் 10-இல் பிறந்தார். மறுநாள் புனித மார்ட்டின் திருநாள், ஆகவே மார்ட்டின். சீர்திருத்தத் திருச்சபை புனிதர் வழிபாட்டைக் கைவிட்டபோது பெயர் நாளும் அந்தப் பகுதிகளில் மங்கி, பிறந்தநாள் மேலே வந்தது. பவேரியாவிலும் ஆஸ்திரியாவிலும் வயதானவர்களுக்கு இன்றும் பெயர் நாளில் ஒரு தொலைபேசி அழைப்பு போனால் மனம் குளிர்ந்துபோவார்கள். அங்கே உங்களுக்கு யோசெஃப் என்று ஒரு நண்பர் இருந்தால் மார்ச் 19-ஐக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேக்கில் மெழுகுவர்த்தி ஏற்றுவது முதலில் ஜெர்மன் குழந்தைகளின் விழாவில் இருந்த வழக்கம். ஜெர்மன் கவிஞர் கோத்தே 1801-இல் தன் பிறந்தநாளன்று கோதா நகரத்தில் இளவரசர் ஒருவரின் விருந்தினராக இருந்தார். உணவு முடியும் நேரத்தில் பணியாளர்கள் முழு உடுப்பில் வரிசையாக உள்ளே வந்தார்கள். தலைமைப் பணியாளர் கையில் பெரிய கேக், அதில் ஐம்பது அளவில் வண்ண மெழுகுவர்த்திகள். அத்தனையும் உருகி ஒன்றோடொன்று கலந்து எரிய ஆரம்பித்துவிட்டன என்று அவரே குறித்து வைத்திருக்கிறார். குழந்தைகளின் கேக்கில் வரப்போகும் ஆண்டுகளின் மெழுகுவர்த்திகளுக்கும் இடம் விட்டிருப்பார்களே, இதில் இடமே இல்லையே என்பது அவருடைய அவதானிப்பு. அன்று அவருக்கு வயது 52.

சொல்லில் சிக்கனமானவர்கள் செயலில் எவ்வளவு தூரம் போவார்கள் என்பதற்கு, வயது திரும்பும் பிறந்தநாள்களைப் பார்க்க வேண்டும். 30, 40, 50 என்று பூஜ்ஜியத்தில் முடிபவற்றை உருண்டை வயது என்பார்கள்; அவற்றுக்குத்தான் பெரிய விருந்து. நண்பர்கள் வாரக்கணக்கில் கூடி அவர் வாழ்க்கையை வைத்து எதுகையோடு ஒரு பாட்டுக் கட்டுவார்கள், பழைய புகைப்படங்களைத் தேடித் திரையில் ஓட்டுவார்கள், சின்ன நாடகம் போடுவார்கள். பிரேமனில் இன்னொன்று: மணமாகாமல் முப்பதைத் தொடும் ஆண், பேராலயத்தின் படிக்கட்டுகளைப் பெருக்க வேண்டும். நண்பர்கள் பை பையாகச் சேர்த்துவைத்த பாட்டில் மூடிகளைப் படியில் கொட்டுவார்கள். அவர் பெருக்கப் பெருக்க மறுபடி கொட்டுவார்கள். ஒரு பெண் வந்து முத்தம் கொடுத்தால்தான் விடுதலை. பெண்ணாக இருந்தால் கதவுக் கைப்பிடிகளைத் துடைத்துப் பளபளப்பாக்க வேண்டும். பார்ப்பதற்குக் கேலி மாதிரி இருக்கும். ஆனால் அத்தனை மூடிகளையும் மாதக்கணக்கில் சேர்த்துவைத்துத் தூக்கிக்கொண்டு வருவதற்கு நல்ல நண்பர்கள் வேண்டும்.

சரி, அட்டைக்கு வருவோம். ஒரு நெருங்கிய தோழிக்கு, பேர் அன்னா என்று வைத்துக்கொள்வோம், எப்படி எழுதலாம்? தொடக்கம் "லீபெ அன்னா". ஆணாக இருந்தால் "லீபர்". இந்த லீபெயில் காதல் ஏதும் இல்லை. நம் 'அன்புள்ள' போல எல்லோருக்கும் போடுவது. பேருக்குப் பின் காற்புள்ளி, அடுத்த வரி சிறிய எழுத்தில் தொடங்கும். ஆங்கிலப் பழக்கத்தில் பெரிய எழுத்து போடுவது நம்மவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. உள்ளே வரும் 'டூ'வைப் பெரிய எழுத்தில் தொடங்கலாமா? 1996-இல் கொண்டுவந்த எழுத்துச் சீர்திருத்தம் கூடாது என்றது, மக்களுக்குப் பிடிக்கவில்லை, 2006-இல் திருத்தி, கடிதங்களில் இரண்டும் சரி என்று விட்டுவிட்டார்கள். கையால் எழுதும் வாழ்த்தில் பெரிய எழுத்து போட்டால் அதில் கூடுதலாக ஒரு மரியாதை தெரியும். நான் அதையே சொல்வேன்.

முதல் வாக்கியம் மேலே சொன்ன இரண்டில் ஒன்று. அதன் பிறகுதான் உங்கள் வரி வர வேண்டும். இங்கே நிறைய அடைமொழிகள் வேண்டாம். "உலகத்திலேயே மிகச் சிறந்த, மிக அழகான, மிக அன்பான தோழி" என்று அடுக்கினால், படிப்பவருக்கு அது கடையில் வாங்கிய அட்டையின் அச்சு வாசகம் போலத் தெரியும். நடந்த ஒன்றைச் சொல்லுங்கள். "போன நவம்பரில் நான் காய்ச்சலில் கிடந்தபோது நீ சூப் கொண்டுவந்து கதவில் மாட்டிவிட்டுப் போனாய்" என்பதை உங்களுக்குத் தெரிந்த எளிய ஜெர்மனில் எழுதினால் போதும், வேற்றுமை உருபில் தவறு இருந்தாலும் பரவாயில்லை. அதற்கு அடுத்து "ஷோன், டாஸ் எஸ் டிஹ் கிப்ட்". நீ இருப்பதே நல்லது, நீ இந்த உலகத்தில் இருப்பதில் மகிழ்ச்சி என்று பொருள்படும். நண்பர்களுக்குள் சொல்லப்படும் வாக்கியங்களில் இதைவிட நெருக்கமானதும் பத்திரமானதும் எனக்குத் தெரிந்து இல்லை. காதலாகத் தவறிப் படிக்கப்படாது. அதே சமயம் வெறும் சம்பிரதாயமாகவும் இருக்காது. வேறு ஊரில் இருக்கும் தோழி என்றால் "டூ ஃபேல்ஸ்ட் மியர்", நீ இல்லாதது எனக்குக் குறையாக இருக்கிறது, என்று சேர்க்கலாம். பழகி ஓராண்டுக்கு மேல் ஆகி, அவளும் உங்களிடம் அப்படிப் பேசுபவளாக இருந்தால் "இஹ் ஹாப் டிஹ் லீப்" என்று முடிக்கலாம். அவள் முதலில் சொல்லட்டும் என்று காத்திருப்பதிலும் தவறில்லை.

முடிக்கும்போது "லீபெ க்ரூஸெ" பொதுவானது. அலுவலக மின்னஞ்சலில்கூட அதை இரண்டு எழுத்தாகச் சுருக்கிப் போடுகிறார்கள், ஆகவே அதில் தனிப்பட்ட பாசம் அதிகம் மிஞ்சவில்லை. "ஃப்யூல் டிஹ் கெட்ருக்ட்", கட்டி அணைத்ததாக நினைத்துக்கொள், என்பது நண்பர்களுக்கு உரியது. ஆஸ்திரியாவிலும் பவேரியாவிலும் "புஸ்ஸி" என்று முத்தத்தையே போட்டு முடிப்பார்கள். பெண்களுக்குள் அது சகஜம். கையெழுத்துக்கு முன் "டைனெ", ஆண் எழுதினால் "டைன்", என்று சேர்த்தால் 'உன்' என்று பொருள். அது நெருங்கியவர்களுக்கு மட்டும்.

ஆண்களுக்குள் வாழ்த்து இன்னும் சுருக்கம். "அல்லெஸ் கூடெ, ஆல்டர்!" என்று ஒரு வரி, முதுகில் ஒரு தட்டு, கையில் ஒரு பாட்டில். 'ஆல்டர்' நம் 'மச்சான்' இடத்தில் வருவது. நெருங்கிய கூட்டாளிக்கு 'கும்பெல்' என்று ஒரு சொல் உண்டு. ரூர் பகுதி நிலக்கரிச் சுரங்கங்களில் கூட வேலை செய்பவரை அழைத்த சொல். பூமிக்கு அடியில் உயிரை ஒருவர் கையில் ஒருவர் கொடுத்து வேலை செய்தவர்களின் சொல் என்பதால் அதில் இருக்கும் கனத்தைக் குறைத்து எடைபோட வேண்டாம்.

சுவிட்சர்லாந்துக்குப் போனால் கணக்கு மாறும். ஈழத்திலிருந்து போன தமிழர் குடும்பங்கள் அங்கே ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அவர்களின் பிள்ளைகள் சுவிஸ் ஜெர்மனிலேயே வளர்ந்தவர்கள். "இக் ஹா டி கேர்ன்" என்பதுதான் அங்கே பாசத்துக்கும், பல சமயம் காதலுக்கும் சேர்த்துச் சொல்வது. ஜெர்மனியின் 'லீபெ டிஹ்' அவர்கள் காதுக்குத் திரைப்பட வசனம் போலக் கேட்கும். வாழ்த்து "அல்லெஸ் குவெட்டி". பேர்னிலோ சூரிச்சிலோ இருக்கும் நண்பருக்கு அவர் பேசும் வழக்கிலேயே ஒரு வரி எழுதினால் அது தனிச் சந்தோஷம்.

கடைசியாக, அனுப்பும் வழி. வாட்ஸ்அப் இப்போது எல்லோரும் செய்வது. ஆனால் அஞ்சலில் வரும் அட்டைக்கு அங்கே இன்னும் மதிப்பு குறையவில்லை; வந்தவற்றை அலமாரியில் வரிசையாக நிற்கவைத்து வாரக்கணக்கில் எடுக்காமல் வைத்திருப்பார்கள். 2025-இல் உள்நாட்டுச் சாதாரணக் கடிதத்துக்கு 95 சென்ட் அஞ்சல்தலை. அட்டை ஒன்றிரண்டு நாள் முன்னதாகப் போய்ச் சேர்ந்துவிடுமே, அது முந்திய வாழ்த்து ஆகாதா என்று கேட்கலாம். ஆகாது. உறையின் பின்புறம் பிறந்தநாளன்றுதான் பிரிக்க வேண்டும் என்று தேதியோடு எழுதிவிட்டால் போதும், அன்னா அதுவரை பிரிக்க மாட்டாள்.